பெட்டிக்குள் துணி இருந்தது

அன்பு மகன் ஏழுமலைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கட்டுமா என்று ராஜமாணிக்கம் கேட்டான். வேண்டாம் என்றேன். இந்தக் கடிதத்தில் அந்த வரியைப் போட்டால் முதல் வரியே பொய்யாகிவிடும். அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். என் இடது கையில் உணர்ச்சி போய்விட்டது. அது பெருவியாதி, அதாவது குஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அதைக் காடாம்புலியூருக்குப் போய் உன் மாமனார் ஆகப்போகிறவரிடமும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தை மாதம் நடப்பதாக இருந்த உன் கல்யாணம் நடக்குமா, நிற்குமா என்று இன்றைய தேதியில் யாருக்கும் தெரியாது. இவ்வளவும் சொன்னதும் ராஜமாணிக்கம் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணே, இத்த இப்பிடியே எழுதணுமா? கொஞ்சம் சுத்தி வளச்சி எழுதலாமே" என்றான். "சுத்தறதுக்கு இது இன்னா தாவணியா? எழுதுடா" என்றேன். எழுதுகிறான். அவன் எழுதுவது பள்ளிக்கூடத் தமிழ். என் பேச்சை அவன் இப்படி வெளுத்து, மடித்து அடுக்குகிறான். ஆனால் மனிதர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். நீ படிக்கும்போது யார் குரல் எது என்று உனக்குத் தெரியவேண்டும். உன் அறையில் கூட இருக்கிற பையன்களுக்கு வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். மூடி வைக்கிற வேலையை இனி நான் செய்வதாக இல்லை.

மந்தாரக்குப்பத்தில் அவனுடைய தையல் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதுகிறானே தவிர நான் எங்கே உட்கார்ந்தேன். நாலு வார்த்தை சொல்கிறேன், எழுந்து ரோட்டுக்குப் போகிறேன், நிலக்கரிச் சுரங்கத்து லாரி போவதைப் பார்க்கிறேன், திரும்பி வந்து எங்கே விட்டேன் என்று கேட்கிறேன். "ஒரு எடத்துல குந்துங்கண்ணே, ஊசி நூலு கோக்குறதுக்குள்ள மூணு வாட்டி போய்ட்டு வரீங்க" என்று திட்டுகிறான். காடாம்புலியூரிலிருந்து வந்த நாளாக இப்படித்தான். சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுகிறேன். சைக்கிளில் மூட்டையைக் கட்டினால் அவிழ்த்துவிடுகிறேன்.

சித்திரையில் உன்னைப் பார்க்கக் கோயம்புத்தூர் வந்தேனே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். உன் மில்லில் துணியைப் பரீட்சை பார்க்கிற அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நீ நின்றதைப் பார்த்து எனக்கு முதலில் ஆஸ்பத்திரி என்றே தோன்றியது. ஒரு சாண் அகலத்தில் துணியை நறுக்கி, மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய் கவ்வுகிற மெஷினில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றினாய். துணி இழுபட இழுபட முள் நகர்ந்தது. பட்டென்று கிழிந்ததும் முள் நின்றது. இன்னொன்றில் துணியின் நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு நீண்டது என்று பார்த்து, கல்லை எடுத்துவிட்டு, எவ்வளவு பழையபடி திரும்பியது என்றும் பார்த்தாய். "நீங்க கையால இழுத்துப் பாத்து சொல்றத இங்க முள்ளு சொல்லுதுப்பா" என்றாய். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது நஷ்ட ஈடு வாங்க நமக்கு நிலம் ஏது? அடுத்தவர் கொல்லையில் செய்த கூலி வேலை போயிற்று. அன்றைக்குப் பண்ருட்டியில் ஒரு மூட்டை துணி எடுத்துச் சைக்கிளில் கட்டியவன், இந்த விரல்களை நம்பித்தானே கட்டினேன்.

அப்புறம் அந்தப் பெட்டியைக் காட்டினாய். மெஷினால் இழுப்பைச் சொல்ல முடியும், தொட்டால் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல முடியாது, அதற்கு இன்னும் மனிதக் கைதான் வேண்டும் என்றாய். துணி கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கும். ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தடவி, வழுவழுப்பா, சொரசொரப்பா, கனமா, விறைப்பா என்று ஆளாளுக்குச் சொல்லவேண்டும். உன் சூப்பர்வைசர், நல்ல மனுஷன், "பெரியவர் கை வைக்கட்டும்" என்றார். வலது கையை விட்டேன். பாப்ளின் என்றேன், காக்கி டிரில் என்றேன், கஞ்சி அதிகம் போட்ட லாங்கிளாத் என்றேன். எல்லாம் சரி. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வலது கைக்கு நீ காபி தம்ளரைக் கொடுத்தாய். அதே நேரம் சூப்பர்வைசர் வேறு ஒரு துணியைப் பெட்டிக்குள் வைத்தார். நான் இடது கையை உள்ளே விட்டேன். தடவினேன். ஒன்றுமே இல்லை. "இன்னாங்க, காலிப் பொட்டிய வெச்சி பெரியவன ஏமாத்துறீங்க?" என்றேன். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. சூப்பர்வைசர் மூடியைத் திறந்து காட்டினார். வெள்ளை மல் துணி. நல்ல மெல்லிசு மல். "அவ்வளவு மெல்லிசான மல்லுன்னு சொல்றாருய்யா, தொட்டா தொட்ட மாதிரியே இல்லன்னு! இத விட ஒரு சர்ட்டிபிகேட் வேணுமா?" என்றார் அவர். நீயும் சிரித்தாய். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். ஏழுமலை, அது தமாஷ் இல்லை. பெட்டிக்குள் துணி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ரயிலில் ஊர் திரும்பும்போது ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடிப்பேன், விடுவேன், மறு கையால் பிடிப்பேன். வலது கைக்குக் கம்பி சுட்டது. இடது கைக்குக் கம்பி வெறும் கம்பியாக இருந்தது. வயசாகிவிட்டது, மூட்டை தூக்கிக் காய்த்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழங்கைக்குக் கீழே ஒரு வெளுப்பு இருந்ததே, அம்மா தேமல் என்று எண்ணெய் தடவிவிடுவாளே, அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. தேமல் என்கிற ஒரு வார்த்தை எங்கள் இரண்டு பேர் கண்ணையும் கட்டிவிட்டது. அந்த வெளுப்பு அரிக்கவில்லை, எரியவில்லை, கிள்ளினால் வலிக்கவும் இல்லை. வலிக்காதது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனால் தொழில் சும்மா விடுமா. துணி அளக்கிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும். இடது கை துணியின் நுனியை மீட்டர் கோலோடு சேர்த்துப் பிடிக்கும், வலது கை துணியைக் கோல் மேல் விரித்துக்கொண்டு போகும். துணி தொய்ந்தால் நமக்கு நஷ்டம். இழுத்தால் வாங்குகிறவருக்கு நஷ்டம். இழுக்கிறோமா இல்லையா என்று சொல்வது கண் இல்லை. பிடித்திருக்கிற கைதான். அது உனக்கும் தெரியும். பள்ளிக்கூட லீவில் நீ எனக்காக அளந்தபோதெல்லாம், "படுக்கப் போடுடா, புடிச்சி இழுக்காத. துணி மூச்சு வுடட்டும்" என்று கத்தியிருக்கிறேன். கஜக்கோல் போய் மீட்டர் கோல் வந்தபோது சுரங்கத்து டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்குச் சந்தேகம், புதுக் கோலில் துணிக்காரன் ஏய்க்கிறான் என்று. அப்போதும் என் அளவை யாரும் மறு அளவு போட்டதில்லை. இந்த ஆவணியில் போட்டார்கள். மந்தாரக்குப்பத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற பொம்பளை ஒருத்தி ரவிக்கைத் துணி வாங்கினாள். கோலை விட்டு எடுத்ததும் துணி சுருங்கி உள்ளே போனது. அவள் பார்த்துவிட்டாள். "இன்னா துணிக்காரரே, ரப்பரு கணக்கா இழுத்து அளக்குறீங்க? வேற எவனாவது பண்ணா சரி, நீங்களுமா?" என்றாள். மறுபடி கோலை வைத்தாள். நாலு விரற்கடை குறைந்தது. நான் இழுக்கவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் இழுத்திருக்கிறேன். என் கை எனக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என்னால் நிம்மதியாக ஒரு துணியைத் தொட முடியவில்லை. டவுன்ஷிப்பில் ஒவ்வொரு பிளாக்கிலும் துணியைத் தொடுகிற விதத்தை வேடிக்கை பார்க்கிறவனாக இருந்தேன் நான். திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருத்தர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை வைத்துக் காசு எண்ணுகிற மாதிரி தேய்த்துப் பார்ப்பார். கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா இரண்டு கையாலும் பிடித்து டப்பென்று இழுத்து, அந்தச் சத்தத்தை வைத்தே துணியைச் சொல்லுவார். நாகர்கோவில்காரம்மா கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். நம் ஊர்ப் பொம்பளைகள் நுனியை எச்சிலால் நனைத்துக் கசக்குவார்கள். மாவு மாதிரி கஞ்சி வந்தால் மூஞ்சியிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். சுரங்கத்து ஆள் ஒருவன் தைக்காத காக்கித் துணியை இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நடு ரோட்டில் குந்தி எழுந்து பார்த்தான். "கிழிஞ்சா இங்கயே கிழியட்டும், உள்ள போய் கிழிஞ்சா மானம் பூடும்" என்றான். இத்தனை கைகளையும் பார்த்து ரசித்தவன், ஆவணிக்குப் பிறகு அவர்களுடைய விரல்களைத் திருட்டுத்தனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். இவர்களுக்கெல்லாம் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்கிற எண்ணம் என்னை ஒரு வாசலில் நிற்கவிடாமல் அடுத்த வாசலுக்குத் துரத்தியது.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். தெற்கத்திப் பக்கம், உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். ஜன்னலுக்குத் திரை தைக்க வெள்ளைத் துணி கேட்டிருந்தார். ஐப்பசியில் ஒரு காலை வேளை, அவர் வாசலில் மூட்டையை அவிழ்த்து லாங்கிளாத்தை விரித்தேன். விரிக்க விரிக்க வெள்ளையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி விழுந்தது. "இது பூப்போட்ட துணியா பெரியவரே?" என்று கேட்டார். நானும் குழம்பிப்போய்ப் பார்த்தேன். "கையைக் காட்டுங்க" என்றார். என் இடது சுண்டு விரலில் குண்டூசி ஒன்று தலை மட்டும் வெளியே தெரிய ஏறியிருந்தது. ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. "எப்போ குத்துச்சு?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? அவர் முகம் மாறிவிட்டது. ஊசியைப் பிடுங்கி, மருந்து போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தார். உள்ளே போய்ப் பஞ்சு எடுத்துவந்து திரி மாதிரி நீட்டித் திரித்தார். "கண்ணை மூடிக்கோங்க. பஞ்சு படுற இடத்தை வலது கையால தொட்டுக் காட்டுங்க" என்றார். வலது தோளில் பட்டது, காட்டினேன். கழுத்தில் பட்டது, காட்டினேன். அப்புறம் ஒன்றும் இல்லை. நானும் கண்ணை மூடியபடியே காத்துக்கொண்டிருந்தேன். "எப்பம்மா தொடுவீங்க?" என்று கேட்டேன். "தொட்டுக்கிட்டேதான் இருக்கேன் பெரியவரே" என்றார்.

பெட்டிக்குள் துணி இருந்தது, ஏழுமலை. அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அவர் முழங்கைக்குப் பின்னால் அழுத்திப் பார்த்து, அங்கே நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது என்றார். தேமல் என்று நினைத்தது தேமல் இல்லை என்றார். வியாதியின் பெயரையும் சொன்னார். மெதுவாகச் சொல்லவில்லை, காய்ச்சல் என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். என்னுடையது அடுத்தவருக்குத் தொற்றுகிற வகை இல்லை, மாத்திரை இருக்கிறது, விடாமல் வருஷக்கணக்கில் சாப்பிடவேண்டும், இனி மேலே பரவாது, ஆனால் போன உணர்ச்சி திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். வீட்டில் இருக்கிற எல்லாரையும் பரீட்சை பார்க்கவேண்டும். ஒரே வீட்டில் இருந்து வெளியூர் போனவர்களையும். கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? ரத்தம் பட்ட இடத்தை நறுக்கிவிட்டு மீதித் துணியை அளக்கச் சொன்னார். நான் கோலை எடுக்கவில்லை. "அம்மா, என் கை இழுக்குது. நீங்களே அளந்துக்குங்க" என்றேன். அவர் கோலை வாங்கித் தன் கையாலேயே அளந்துகொண்டார்.

உன் அம்மாவையும் மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். பஞ்சால் தொட்டார், சுடுதண்ணி வைத்தார், ஊசி நுனியை வைத்தார். "எனக்கு எல்லாம் சுடுது, எல்லாம் குத்துது, எல்லாம் வலிக்குது. எழுதிக்கம்மா" என்றாள் உன் அம்மா. டாக்டரம்மா சிரித்துவிட்டார். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வெளியே வந்ததும் மர நிழலில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்பிலிருந்து பானையைத் துணியில்லாமல் இறக்கும்போதெல்லாம், "எங்க வூட்டுக்காரரு கை இரும்பு" என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசியிருக்கிறாள். "இரும்புன்னு சொல்லிகினு திரிஞ்சேனே, நானே கண்ண போட்டுட்டேனே" என்று அழுதாள். அழுது முடித்ததும் திட்டம் போட்டாள். "யாருக்கும் தெரிய வேணாம். புள்ளைக்கும் எழுத வேணாம். தை மாசம் கல்யாணம் முடியட்டும். அஞ்சல வூட்டுக்கு வந்து ஒட்டிகினப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். வந்தவ இன்னா ஓடியா பூடுவா?" என்றாள். "ஓட முடியாம பண்ணிட்டு சொல்றதுக்குப் பேரு சொல்றதா?" என்று கேட்டேன். "கஞ்சி போட்ட துணிய மொடமொடன்னு காட்டி வித்துட்டு, வெளுத்தப்புறம் வந்து பாருன்னு சொல்றவனும் நானும் ஒண்ணா?" என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். "எப்பப் பாத்தாலும் துணி, துணி! இது எம் புள்ள வாழ்க்க. ஒரு பொண்ணு கெடைக்கிறதுக்கு எத்தினி வாசல் ஏறி எறங்கினேன்னு உங்களுக்குத் தெரியுமா? இந்தப் பேரு ஊருக்குள்ள பூந்திச்சின்னா அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா மேல் கோபப்படாதே. அவள் உன் பக்கம் நின்று பேசினாள். நான் அந்தப் பெண் பக்கம் நின்று பேசினேன். நம் வீட்டில் அவளுக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

அம்மாவிடம் சொல்லாமல் காடாம்புலியூருக்குப் பஸ் ஏறினேன். கார்த்திகை மழை. அஞ்சலையின் அப்பா கலியபெருமாள் வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை குவித்து, தார்ப்பாய் மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "வாங்க சம்மந்தி, வாங்க! இந்த மழையில நனஞ்சிகினு வரீங்களே, ஒரு கார்டு போட்டா நா வந்திருக்க மாட்டனா? சம்மந்திக்குத் தலை துவட்டத் துண்டு குடு" என்று உள்ளே சத்தம் போட்டார். துண்டு வந்தது, காபி வந்தது. நான் குடிக்கவில்லை. சொல்லாமல் குடிக்கக்கூடாது என்று தோன்றியது. சொன்னேன். "தொத்துமா?" என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "டாக்டரம்மா சொல்லுவாங்க. ஊரு அவங்கள கேட்டுகினா பேசுது?" என்றார். "மாப்பிளைக்கு?" என்றார். இன்னும் பார்க்கவில்லை என்றேன். "பங்காளிங்கள ஒரு வார்த்த கேட்டுதான் சொல்லணும். மழ வுட்டுது, பஸ் வர்ற நேரம். பாத்துப் போங்க துணிக்காரரே" என்றார்.

சம்மந்தி என்று உள்ளே கூப்பிட்டவர், துணிக்காரரே என்று அனுப்பி வைத்தார். டவுன்ஷிப் முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. ஒரு நாளும் அந்த வார்த்தை என்னைக் குத்தியதில்லை. ஆனால் அவரைக் குறை சொல்லாதே, ஏழுமலை. அவரும் பெண்ணைப் பெற்றவர். அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேலியைத் தாண்டிப் பத்தடி வந்திருப்பேன். "மாமா, நில்லுங்க" என்று பின்னால் சத்தம். அஞ்சலை. முந்திரி உடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். பருப்பு எடுக்கும்போது கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று சாம்பல் பூசிக்கொள்வார்கள். அப்படியும் அவள் விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருந்தது. பெண் பார்க்கப் போனபோது முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாளே, அந்தக் கைதான். அன்றைக்கு அவள் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள். "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "இல்லம்மா. உங்க வூட்டுக்குதான் மொதல்ல சொல்றேன்" என்றேன். நல்லது செய்ததாக நினைத்துத்தான் சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது. "எங்களுக்கு எதுக்கு மொதல்ல? கல்யாணம் அவருக்கு. அவருக்கே தெரியாதத நாங்க தெரிஞ்சிகினு பேசிகினு இருந்தா, அவரு யாரு இதுல?" என்றாள்.

உன் அம்மாவும் நானும் உனக்காக அடித்துக்கொண்டோமே தவிர, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பார். அவள் அதோடு விடவில்லை. "அவரு கையப் பாக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? பாக்க சொல்லுங்க. பாத்துட்டு இன்னா இருக்குதோ இல்லியோ, அத்த அவரையே எனக்கு எழுத சொல்லுங்க. உங்களுக்கு இல்ல மாமா, எங்கப்பாவுக்கும் இல்ல. எனக்கு" என்றாள். நான் வாய் அடங்காமல் கேட்டுவிட்டேன். "அவனுக்கும் இருக்குதுன்னா வேணாம்னு சொல்லிடுவியாம்மா?" என்றேன். "அத்த அவருகிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள். உள்ளேயிருந்து அவள் அப்பா கூப்பிட்டார். போய்விட்டாள்.

இதை எழுதும்போது ராஜமாணிக்கம், "பொண்ணு கறாரா இருக்குதேண்ணே, நம்ம ஏழுமல தாங்குவானா?" என்கிறான். அதை அவன்தான் சொல்லவேண்டும் என்றேன். இனி நீ என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். லீவு போட்டுவிட்டு இங்கே ஓடிவராதே. நான் நன்றாக நடமாடுகிறேன், மாத்திரை சாப்பிடுகிறேன், வலது கையால் வியாபாரமும் செய்கிறேன். அளக்கிற வேலையை மட்டும் வாங்குகிறவர்களிடமே விட்டுவிட்டேன். கோலை அவர்கள் கையில் கொடுத்ததும் ஆளாளுக்கு எவ்வளவு நேர்மையாகிவிடுகிறார்கள் தெரியுமா. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அப்பாவுக்கு இன்ன வியாதி என்று வாயைத் திறந்து சொல். வெட்கப்பட்டுப் பாதிச் சட்டையைக் கழற்றி நிற்காதே, முதுகு, கால், காது மடல் எல்லாவற்றையும் காட்டு. தினமும் பெட்டிக்குள் கையை விட்டுத் துணியைச் சரியாகச் சொல்கிறாய், அதனால் உன் கைக்கு ஒன்றும் இருக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் அது நினைப்புத்தான். என் வலது கையும் அன்றைக்கு எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னது. கண்ணை மூடச் சொன்னால் முழுசாக மூடு. இமைக்குக் கீழே திருட்டுத்தனமாகப் பார்க்காதே. நான் அப்படிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பஞ்சு எங்கே படுகிறது என்று பார்த்துச் சொல்லியிருந்தால் வியாதி இல்லை என்று வீட்டுக்கு வந்திருப்பேன். இன்னும் எத்தனை குண்டூசி ஏறியிருக்குமோ.

இருக்கிறது என்று சொன்னால் பயப்படாதே, மாத்திரையை அன்றைக்கே ஆரம்பி. இல்லை என்று சொன்னால் துள்ளிக் குதித்து, அவளுக்கு எழுதுவதில் உனக்குச் சாதகமாக இரண்டு வார்த்தை சேர்க்காதே. மெஷின் முள் காட்டுவதை நீ எப்படிக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வாயோ, அப்படிச் சொல். அதற்குப் பிறகு உனக்கு அவளைப் பற்றி என்ன தோன்றுகிறதோ, அதையும் எழுது. கல்யாணம் வேண்டும் என்று இருந்தால் வேண்டும் என்று எழுது. என் வியாதியால் அவள் கஷ்டப்படக்கூடாது என்று நீயே பெரிய மனசு பண்ணி விலகிவிடாதே. விலகுவதா வேண்டாமா என்பது அவள் சொல்லவேண்டியது. அவள் பங்கு முடிவையும் நீ எடுத்துக்கொண்டு போனால், நானும் உன் அம்மாவும் செய்ததைத்தான் நீயும் செய்கிறாய்.

எனக்குப் பதில் எழுதாதே. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருப்பேன் என்று உனக்கே தெரியும். ஆனாலும் எழுதாதே. எனக்கு எழுதினால் ராஜமாணிக்கம் பிரிக்கவேண்டும், ராஜமாணிக்கம் வாசிக்கவேண்டும், அம்மா பக்கத்தில் நின்று பாதியில் அழவேண்டும். அஞ்சலை எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்த பெண். நீ உன் கையால் எழுதி, உன் கையால் ஒட்டி, அவள் பெயருக்கே போடு. அவள் சாம்பலைக் கழுவிக்கொண்டு வந்து, தானே பிரித்து, தானே படித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா